எல்லம்மாவின் குட்டிகளும் உன் புடவையும்

அன்புள்ள ராஜாம்பாள் அக்காவுக்கு,

அன்புள்ள என்று எழுதிவிட்டேன். கடிதத்தை அப்படித்தான் தொடங்க வேண்டும் என்று தைப்பிங் மிஷன் பள்ளிக்கூடத்தில் நாலாவது வரைக்கும் சொல்லிக் கொடுத்தார்கள். உள்ளதைச் சொன்னால் அன்பு கொஞ்சம்தான், பொறாமைதான் நிறைய. ஒன்றரை வருஷமாக வயிறு எரிகிறது. இதை யாரிடம் சொல்வது? இந்தத் தோட்டத்தில் யாரிடம் வாயைத் திறந்தாலும் அவர்கள் உன் பக்கம்தான் பேசுவார்கள். அதனால் உன்னிடமே சொல்லிவிடுகிறேன்.

நாளைக்கு உனக்குப் படையல். சுமங்கலியாகக் கண்ணை மூடியவளுக்குப் பூவும் புதுப்புடவையும் வைத்துக் கும்பிடும்போது, அவள் இடத்துக்கு வந்தவள் நாலு வார்த்தை பேச வேண்டும் என்று கங்காணி வீட்டு முனியம்மா அக்கா சொன்னாள். பேசினால் ஒன்று எனக்குத் தொண்டை அடைக்கும், இல்லாவிட்டால் வாய் நீளும். எழுதி வைத்துப் படித்தால் இரண்டும் நடக்காது என்று பார்க்கிறேன். லயத்து வீடுகளில் இருக்கிற ஜனங்களும் கேட்கட்டும். கேட்டுவிட்டு என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளட்டும்.

முதலில் சேதி. உன் நாய் எல்லம்மா குட்டி போட்டிருக்கிறாள். ஒன்பது போட்டாள், எட்டு இருக்கின்றன. ஐந்து ஆண், மூன்று பெட்டை. எல்லாமே கறுப்பு. கண்ணுக்கு மேலேயும் மார்பிலும் காலிலும் துரு நிறத்தில் திட்டுத் திட்டாக இருக்கிறது. மூன்றாம் நாளே அவர் ஆஸ்பத்திரிக் கத்தரியைக் காய்ச்சி எடுத்துக்கொண்டு வந்து வாலை வெட்டித் தையல் போட்டார். ஆறு வாரம் ஆகிவிட்டது. இப்போது என் கொலுசைக் கடித்துக்கொண்டு வீடு முழுவதும் என் பின்னாலேயே வருகின்றன.

அவர் என்றால் நம் வீட்டுக்காரர். என் வீட்டுக்காரர் என்று எழுதினால் சுவரில் இருக்கிற படத்திலிருந்து நீ முறைக்கிற மாதிரி இருக்கிறது. நம் என்று எழுதினாலோ எனக்கு எரிகிறது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற டிரஸர் என்று வைத்துக்கொள்வோம். அதில் சண்டை இல்லை.

உன்னை நான் நேரில் பார்த்ததில்லை. அந்தப் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். நாற்காலியில் நீ நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறாய், எல்லம்மா உன் பாதத்தின் மேல் தாடையை வைத்துப் படுத்திருக்கிறாள். உனக்குத் தெரிந்த கதைதான், கேட்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். ஈயம் தோண்டுகிற கப்பலில் வேலை பார்க்கிற ஒல்லாந்து துரை சுமத்ராவிலிருந்து கொண்டுவந்த நாய் அவள். துரைசானி சீமைக்குத் திரும்பியபோது, அந்த பங்களாவில் ஆயாவாக இருந்த உன்னிடம் நாயைக் கொடுத்துவிட்டுப் போனாள். ஒவ்வொரு ஈற்றிலும் ஒரு குட்டி துரைக்கு என்று பேச்சு. எல்சா என்ற பெயர் உன் வாயில் எல்லம்மா ஆயிற்று. சாமி பெயரை நாய்க்கு வைக்கலாமா என்று பூசாரி சண்டைக்கு வந்தபோது, நானா வைத்தேன், வாயில் தானாக வந்துவிட்டது என்று சொன்னாயாமே. துரை டோபர்மன் என்று சொன்னதைத் தோப்பு மன்னன் ஆக்கியதும் நீதானாம். இதையெல்லாம் லயத்துப் பெண்கள் எனக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பார்கள் என்று நினைக்கிறாய்?

இரண்டு ஈற்று நீ வளர்த்தாய். பீடோர் பக்கத்து பங்களாக்களிலிருந்து லூமுட் வரைக்கும் உன் குட்டிகள் காவல் இருக்கின்றன. ராஜாம்பாள் வீட்டு நாய் என்றால் துரைமார்கள் வேறு கேள்வியே கேட்க மாட்டார்களாம். நான் வந்து ஒன்றரை வருஷமாகிறது. இன்றைக்கும் இது ராஜாம்பாள் வீடுதான்.

ரசம் உன் ரசம் போல இல்லை என்றார்கள், பொறுத்துக்கொண்டேன். கோலம் உன் கோலம் போல இல்லை என்றார்கள், அதையும் பொறுத்துக்கொண்டேன். ஒரு நாய்கூட என்னை உன்னோடு நிறுத்துப் பார்த்ததைத்தான் பொறுக்க முடியவில்லை.

அவளிடம் நான் என்ன குறை வைத்தேன்? சோற்றுத் தட்டைக் காட்டி, போய்ச் சாப்பிடுடி கண்ணு என்பேன். காதைப் பின்னால் சாய்த்துக்கொண்டு சுவர் ஓரமாக ஒதுங்கிவிடுவாள். நான் கண்ணுக்கு மறைந்த பிறகுதான் தட்டில் வாய் வைப்பாள். மழை பெய்கிறதே, உள்ளே போய்ப் படும்மா என்பேன். உறுமுவாள். வெளியே கிளம்பும்போது போகிறேன் என்று சொல்லக் கூடாது அல்லவா? அதனால் வாசலில் நின்று, போயிட்டு வாரேன் எல்லம்மா என்று ஒரு மனுஷியிடம் சொல்வது போலச் சொல்லிக்கொண்டு கிளம்புவேன். முகத்தைத் திருப்பிக்கொள்வாள். டிரஸர் ஒன்றுமே பேச மாட்டார், ஒரு சீழ்க்கை அடிப்பார். அதற்கு வாலில்லாத பின்பக்கம் முழுவதையும் ஆட்டிக்கொண்டு ஓடுவாள்.

முனியம்மா அக்காவிடம் சொல்லிப் புலம்பினேன். "ராஜாம்பா எடத்துல ஒன்ன வச்சிப் பாக்க அதுக்கு மனசு வரல லா, நாம என்னா செய்றது" என்றாள். நான் நம்பிவிட்டேன். எல்லோருமே அப்படித்தானே இருந்தார்கள், நாய் மட்டும் வேறு மாதிரி இருக்குமா என்ன? டிரஸர் என்னை இன்று வரைக்கும் இந்தா என்றுதான் கூப்பிடுகிறார். உன்னை ராஜா என்று கூப்பிடுவாராம்.

குட்டி போட்டது ஒரு முற்பகலில். காலையில் ஆள்கணக்கு எடுக்கிற பெரட்டு முடிந்து அவர் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். ரப்பர் பெட்டிப் பலகையில் அவர் அடித்து வைத்திருந்த தொட்டிக்குள் எல்லம்மா சாக்கைப் பிறாண்டிப் பிறாண்டி ஒரு மூலையில் குவித்தாள். பிறகு ஒவ்வொன்றாக வந்தது. நான் அறை வாசலில் நின்று எண்ணிக்கொண்டிருந்தேன். அதற்கு மேல் ஓர் அடி வைக்க எல்லம்மாவிடம் எனக்கு அனுமதி இல்லை.

மறுநாள் காலையில் அவளுடைய ஒரு பக்கத்துக் காம்புகள் கல்லாகக் கட்டிக்கொண்டு கொதித்தன. பால் இறங்கவில்லை. குட்டிகள் ஓயாமல் கத்தின. டிரஸர் ஒத்தடம் கொடுத்துப் பார்த்தார். அவரால் வீட்டில் இருக்க முடியாது, காய்ச்சல் காலம், வார்டு நிறைந்து கிடந்தது. பலவீனமான குட்டிகளை எடுத்து ஆட்டுப் பாலைச் சொட்டுக் குழாயில் கொடுத்துக்கொண்டே இரு, ஈரச் சாக்கை மாற்று என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். நான் பாலைக் காய்ச்சி எடுத்துக்கொண்டு வாசல்படியில் கால் வைத்து, கொஞ்சம் நகர்ந்து போய்ப் படும்மா என்று எவ்வளவு பதமாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு பதமாகச் சொன்னேன். பல்லைக் காட்டினாள். மூன்று தடவை போனேன், மூன்று தடவையும் அதே பல்தான்.

எல்லாவற்றிலும் சின்னக் குட்டி ஒன்று தாயை விட்டு விலகித் தொட்டியின் ஓரத்துக்கு வந்துவிட்டது. எட்டினால் எடுத்துவிடலாம். கத்திக்கொண்டிருந்தது, அப்புறம் கத்தவில்லை. நான் பால் கிண்ணத்தோடு நின்று அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மத்தியானம் டிரஸர் வந்து அதைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். என்னைத் திட்டவில்லை. "ராஜா இருந்திருந்தா" என்று ஆரம்பித்துவிட்டு நிறுத்திக்கொண்டார். திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும்.

மறுநாள் விடிந்ததும், வால் வேலை எல்லாம் முடித்துவிட்டு, அவர் டிரங்குப் பெட்டியைத் திறந்தார். அடியிலிருந்து ஒரு புடவையை எடுத்தார், கத்தரிப்பூ நிறம். நீ காய்ச்சலில் படுத்த அன்று அவிழ்த்துப் போட்டது. துவைக்காமல் வைத்திருக்கிறார், அக்கா. அது அந்தப் பெட்டிக்குள் இருந்ததே எனக்குத் தெரியாது. என் கல்யாணப் புடவை அதன் மேலேயேதான் இத்தனை நாள் இருந்திருக்கிறது.

"இதக் கட்டிக்கிட்டு உள்ள போ. வாயத் தொறக்காத, கொரல் கேட்டா தெரிஞ்சிரும்" என்றார்.

கட்டிக்கொண்டேன். எட்டு உயிர் கத்திக்கொண்டிருந்தது, மாட்டேன் என்று எப்படிச் சொல்வேன்? சீயக்காய் வாசனை, கொஞ்சம் சூடம், கொஞ்சம் நாய். அதற்கடியில் இன்னொரு வாசனை இருந்தது, அது நீயாகத்தான் இருக்க வேண்டும். ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே போனேன். எல்லம்மா தலையைத் தூக்கினாள், மூக்கை நீட்டி முகர்ந்தாள், பிறகு காலை மடக்கி எனக்கு உட்கார இடம் விட்டாள். உட்கார்ந்து அழுதேன். சந்தோஷத்தில் இல்லை. அந்த இடம் எனக்கு விட்டதில்லையே.

பதினோரு நாள் உன் புடவையில் ஊமையாகக் கிடந்தேன். குட்டிகளின் கழுத்தில் எட்டு நிறத்தில் நூல் கட்டினேன். ஆஸ்பத்திரித் தராசில் நிறுத்துப் பார்த்தேன். ஈரப் பஞ்சால் வயிற்றைத் தடவித் தடவி மூத்திரம் போக வைத்தேன், அதைத் தாய் நக்கிச் செய்ய வேண்டும், அவளுக்குத்தான் காய்ச்சலாயிற்றே. மழை பிடித்துக்கொண்ட நாட்களில் வெந்நீர்ப் புட்டியைச் சாக்குக்குள் சுற்றி வைத்தேன். பச்சை நூல் கட்டியதுதான் முதலில் கண் திறந்தது. அது முதலில் பார்த்தது என்னைத்தான். அப்போதும் நான் உன் புடவையில் இருந்தேன்.

ஒரு சாயங்காலம் வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். டிரஸர் வேலை முடிந்து வந்தார். செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டது. "ராஜா, கொஞ்சம் தண்ணி குடு" என்றார்.

எவ்வளவு சாதாரணமாகச் சொன்னார் தெரியுமா? களைப்பாக, உரிமையாக, பதில் வரும் என்று தெரிந்த குரலில். அந்தக் குரலை நான் அதற்கு முன்பு கேட்டதே இல்லை. திரும்பினேன். அவர் அப்படியே நின்றுவிட்டார். எழுந்து போய்த் தண்ணீர் மொண்டு கொடுத்தேன், வாங்கிக் குடித்தார். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. செத்தவள் மேல் பொறாமைப்படுகிற பொம்பளை உலகத்தில் இருப்பாளா என்று நீ கேட்கலாம். இருக்கிறாள், நான்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை துரை ஈப்போவிலிருந்து தன் குட்டியைப் பார்த்துத் தெரிந்தெடுக்க வந்தார். வெளி மனுஷர் முன்னால் உன் அழுக்குப் புடவையில் நிற்க எனக்கு வெட்கமாக இருந்தது. குளித்து என் புடவையைக் கட்டிக்கொண்டு டீ கொண்டுபோய் வைத்தேன். துரையின் குரல் கேட்டு எல்லம்மா கூடத்துக்கு வந்து என் வழியில் நின்றாள். குட்டிங்க தனியா இருக்கு, உள்ள போய்ப் படு என்று மெதுவாகச் சொன்னேன். அவள் காதைச் சாய்த்துக்கொண்டு குறுகினாள்.

துரை டீக்கோப்பையைக் கீழே வைத்தார். "கெனாப்பா மாரா டியா?" என்று மலாயில் கேட்டார். ஏன் அவளைத் திட்டுகிறாய் என்கிறார். நான் எங்கே திட்டினேன், போய்ப் படு என்றுதானே சொன்னேன் என்றேன். இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னேன். எல்லம்மா இன்னும் குறுகினாள்.

அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. அவர்கள் பாஷையில் நாய் தப்புச் செய்தால் ஃபுய் என்று அதட்டுவார்களாம். சீ, வெட்கமாக இல்லை என்கிற மாதிரி. செருப்பைக் கடிக்கிற குட்டியாக இருந்தபோதே அந்த வார்த்தையைச் சொல்லித்தான் அவளைப் பழக்கியிருக்கிறார். நம்முடைய போய் என்கிற வார்த்தை அவள் காதில் அப்படித்தான் விழுகிறதாம். போய்ச் சாப்பிடு, போய்ப் படு, போயிட்டு வாரேன். ஒன்றரை வருஷமாக நான் அவளைக் கண்ணே பொன்னே என்று கொஞ்சிக்கொண்டே ஒரு நாளைக்குப் பத்துத் தடவை காறித் துப்பியிருக்கிறேன்.

அதோடு துரை நிறுத்தியிருக்கலாம். ராஜாம்பாளும் முதல் வாரம் இதே தப்பைச் செய்தாள், நான்தான் சொன்னேன், அதற்குப் பிறகு ஒரு நாளும் அவள் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை என்று சிரித்துக்கொண்டே சொன்னார். வந்து சாப்பிடு, வந்து படு, வாரேன். உன் வாயில் அவளுக்கு எல்லாமே வா தானாம்.

துரை கிளம்பியதும் அறை வாசலுக்குப் போனேன். என் புடவைதான், அன்று காலையில் துவைத்து உலர்த்தியது. "வந்துட்டேன்டி எல்லம்மா, வந்து உக்காரட்டா?" என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்தாள். காலை மடக்கிக்கொண்டாள்.

அப்படியானால் முதலில் என்னை உள்ளே விட்டது உன் புடவைக்கா, நான் வாயை மூடிக்கொண்டதற்கா? அந்தப் பதினோரு நாளும் நான் உன் வேஷம் போட்டது சும்மாவா? அந்தச் சின்னக் குட்டி ஒரு வார்த்தைக்காகவா செத்தது?

உன் மேல் எனக்கு வந்த கோபத்தை எழுதினால் தாள் பற்றிக்கொள்ளும். உனக்குத் தெரியும். தெரிந்தும் யாரிடமும் சொல்லவில்லை. சீழ்க்கை அடிக்கிற மனுஷருக்கு அது தேவைப்படவில்லை, சரி. முனியம்மா அக்காவிடமாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? மூன்று நாள் காய்ச்சலில் போனவள், பின்னால் வரப்போகிற ஒருத்திக்காக நாயின் பாஷையைச் சொல்லி வைத்துவிட்டுப் போக வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லைதான். நியாயமில்லை என்று தெரிந்தும் கோபம் போகவில்லை.

உன் புடவையைத் துவைத்துவிடலாம் என்று கிணற்றடிக்கு எடுத்துக்கொண்டு போனேன். பாலும் குட்டி மூத்திரமுமாக நாறியது. சோப்பைக் கையில் எடுத்தேன். பிறகு அப்படியே மடித்துக் கொண்டுவந்து டிரங்குப் பெட்டியில் வைத்துவிட்டேன். ஏன் துவைக்கவில்லை என்று என்னைக் கேட்காதே. அவர் பெட்டியைத் திறந்து பார்த்தார், பார்த்துவிட்டு மூடினார்.

போன வாரம் துரை மறுபடியும் வந்தார், இந்தத் தடவை தாள்களோடு. ஒவ்வொரு குட்டிக்கும் ஒரு தாள். தகப்பன் நாய், தாய் நாய், வளர்த்தவர் பெயர் எல்லாம் எழுதி, ஜாதி நாய் என்று பதிய ஒல்லாந்துக்கு அனுப்ப வேண்டும். நான் எட்டு மங்கில் கஞ்சியும் பாலும் ஊற்றிக்கொண்டிருந்தேன். ரப்பர் பால் பிடிக்கப் பால்மரத்தில் கட்டுகிற அதே மங்குதான், குட்டிகளுக்கு அளவாக இருக்கிறது. வளர்த்தது யார் என்று எழுதட்டும் என்று துரை கேட்டார். டிரஸர் யோசிக்காமல் ராஜாம்பாள் என்றார். துரை மையில் எழுதினார். ஒரு தாள் இல்லை, எட்டுத் தாளிலும்.

என் கையில் இருந்த மங்கு கீழே விழுந்தது. துரை முன்னால் நான் அதுவரை தானாக வாய் திறந்ததில்லை. "தனகோட்டின்னு எழுதச் சொல்லுங்க. இந்த எட்டையும் வளத்தது நான்" என்றேன்.

டிரஸர் என்னைப் பார்த்தார். பிறகு துரையின் பக்கம் திரும்பி, "தனகோட்டி" என்று ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னார். அவர் வாயில் என் பெயரை நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

தாளில் அடித்தல் திருத்தல் இருந்தால் அங்கே எடுத்துக்கொள்ள மாட்டார்களாம். அதனால் துரை முன்பு எழுதியதை அடிக்காமல் பக்கத்திலேயே என் பெயரையும் எழுதிவிட்டார். அவர் போன பிறகு டிரஸர் ஒரு தாளை எடுத்துப் படித்தார். உதட்டைக் கடித்துக்கொண்டார். என்ன என்று கேட்டேன்.

"ராஜாம்பாள் தனகோட்டின்னு ஒரே பேரா எழுதிட்டாரு. முன்னால நிக்கிறது பெத்தவங்க பேருல்ல? ராஜாம்பா மக தனகோட்டின்னு ஆயிருச்சி" என்றார். சிரித்தார். இந்த வீட்டுக்கு வந்து அவர் சிரித்து நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு அடுப்படிக்குப் போய் அழுதேன். இந்தத் தடவை அழுதது உனக்காக, அக்கா. உனக்காக நான் அழுதது அதற்கு முன்பு கிடையாது.

அடுத்த மாதம் குட்டிகள் போய்விடும். ஒன்று தஞ்சோங் மாலிமுக்கு, இரண்டு பீடோருக்கு, மற்றவை எங்கெங்கோ. அங்கே அந்தத் தாளைப் படிக்கிறவர்கள், யாரோ ஒரு பொம்பளை இந்த எட்டையும் வளர்த்தாள் என்று நினைத்துக்கொள்வார்கள். நீயும் நானும் இரண்டு பேர் என்று அவர்களுக்குத் தெரியாது.

அடுத்த ஈற்றுக்கு என் பெயரை மட்டும் எழுதச் சொன்னால் துரை எழுதித் தருவார். சொல்ல மாட்டேன். இனி இந்த வீட்டில் எத்தனை ஈற்று நடந்தாலும் எல்லாத் தாளிலும் உன் பெயர் முன்னால், என் பெயர் பின்னால். இது நான் உனக்குக் கொடுக்கிற வாக்கு. பொறாமைப்படுவதை விட்டுவிடுகிறேன் என்று மட்டும் என்னால் வாக்குக் கொடுக்க முடியாது. அது நாளைக்கும் இருக்கும், நீ பொறுத்துக்கொள்.

இப்படிக்கு,
உன்னைப் பார்க்காத சக்களத்தி, உனக்குப் பிறக்காத மகள்,
ராஜாம்பாள் தனகோட்டி